லயத்து வீட்டில் ஒரு சிறு கடல்

கடல் என்று சொன்னால் எங்களில் பலருக்குத் தண்ணீர் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. தொழிலுக்குப் போனவர்கள் திரும்பி வராத இடம் அது. 2004 டிசம்பர் 26 காலையில் ஊருக்குள் ஏறி வந்து பிள்ளைகளை அள்ளிச் சென்றதும் அதுதான். போர்க்காலத்தில் அதைக் கடந்து தப்பியவர்களும் உண்டு, கடக்க முடியாமற் போனவர்களும் உண்டு. ஆகவே கடலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்த கதையை எழுதப் போகிறேன் என்றால் சில சகோதரிகளுக்கு மனம் சங்கடப்படக்கூடும். எனக்கும் என் மகளுக்கும் அதே சங்கடம் இருந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் பிறந்தது பசறையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது எனக்கு 11 வயது. அதன் பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கே போனார். பதுளையில் இருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு ஒரு வீதி இறங்குகிறது. அந்த வீதியின் மேல் முனையில் தேயிலை, கீழ் முனையில் கடற்கரை. மலையில் இருந்து துரத்தப்பட்ட எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் அந்த வீதியால் இறங்கினோம். பின்னர் கல்குடாவில் ஒரு கடற்றொழிலாளியைத் திருமணம் செய்தேன். 2006இல் போர் மீண்டும் மூண்ட காலத்தில் ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கு விசாரித்தும் பதில் கிடைக்கவில்லை. 2008இல் 7 வயது மகளுடன் பசறைக்கே வந்து சேர்ந்தேன்.

மகள் வளர்ந்தாள். ஆனால் கடலைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் வளரவில்லை. தொலைக்காட்சியில் அலை தெரிந்தாலே எழுந்து போய்விடுவாள். நானும் வற்புறுத்தியது இல்லை. இப்போது அவள் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். 2024 ஜனவரியில் ஒருநாள் ஒரு சிறுவன் அவளிடம், “டீச்சர், கடலு எப்படி இருக்கும்? நம்ம ஆத்த விடப் பெருசா?” என்று கேட்டிருக்கிறான். ஊவா மலைகளில் பிறக்கும் பிள்ளைகளில் கடலைக் காணாமலே வளர்பவர்கள் அநேகம். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னாள். பதினாறு வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் இருவரும் கடலைப் பற்றிக் கதைத்தோம்.

அப்போது நான் வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் வளர்த்துப் பதுளைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். கொழுந்து எடுக்கப் போக முடியாதபடி முதுகு நோவு வந்த பின் அதுவே எனது வருமானம். நன்னீர் மீன் எனக்குப் பழக்கம். உப்புநீர் தெரியாது. “உனக்கு இன்ரநெற்றில் தேடத் தெரியும், எனக்குத் தொட்டி கட்டத் தெரியும், செய்து பார்ப்போமா?” என்று கேட்டேன். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் முதல் வரியில், ‘ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு’ என்று எழுதியிருந்தது.

லயத்தில் பேச்சு வந்தது. “என்னா அக்கா, குடிக்கிற தண்ணிக்கே பீலியில வரிசையா நிக்கிறோம். நீங்க கடத் தண்ணிய கண்ணாடிப் பொட்டியில ஊத்தி வச்சி வேடிக்கை பாக்கப் போறீங்களாமே” என்று ஒரு தங்கச்சி கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் ஒன்றை இங்கு சொல்ல வேண்டும். ஆண் உழைக்கும் வீட்டில் ஒரு பெரிய ரீவி வாங்கினால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பெண் தனித்து நடத்தும் வீட்டில் ஒரு பூச்சட்டி வாங்கினாலும், இது எதற்கு, இதனால் என்ன வருமானம் என்று கேட்கிறார்கள். எங்களுக்கு உதவி என்றால் தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, ஆடு. அவை எல்லாம் தேவைதான். அவற்றால்தான் நானும் பிழைத்தேன். ஆனால் காசு தராத ஒன்றை, மனதுக்காக மட்டும் வளர்க்கும் உரிமை எங்களுக்கும் உண்டு. கப்பி விற்ற காசில் மாதாமாதம் ஒரு பங்கை ஒதுக்கித்தான் இதைச் செய்தேன். கடன் வாங்கவில்லை.

கண்ணாடித் தொட்டியில் கடல் உயிரை வளர்ப்பது ஆண்களின் கண்டுபிடிப்பு என்றே நினைத்திருந்தேன். மகள் தேடிப் படித்தபோது வேறு விதமாக இருந்தது. பிரான்ஸ் நாட்டில் 1794இல் பிறந்த ஜான் வில்ப்ரோ பவர் என்ற பெண் 18 வயதில் பாரிஸ் நகருக்குச் சென்று தையல் வேலை செய்தவர். திருமணத்தின் பின் சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்தபோது, 1832 அளவில், உயிருள்ள கடற்பிராணிகளை வைத்துப் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். ஆர்கோனோட் என்ற சிறு சாக்குக்கணவாய் வகை தனது மெல்லிய ஓட்டைத் தானே உண்டாக்குகிறது என்பதை அந்தத் தொட்டிகளில் பார்த்துத்தான் அவர் நிரூபித்தார். அதுவரை அது வேறொரு பிராணியின் ஓட்டைத் திருடிக்கொள்கிறது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பின்னர் சிசிலியை விட்டு வந்தபோது கப்பல் மூழ்கி, அவரது சேகரிப்புகளிலும் குறிப்புகளிலும் வரைபடங்களிலும் பெரும்பகுதி கடலோடு போய்விட்டது. அந்த இடத்தைப் படித்தபோது மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

இன்னொருவர் இலண்டனில் வாழ்ந்த அனா தைன். 1846இல் அவர் இங்கிலாந்தின் தென்கரையில் இருந்து சில முருகைக்கல் உயிர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து உயிரோடு வைத்திருந்தார். அன்று மோட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை. வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி திறந்த ஜன்னலருகே நின்று, தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்தில் இருந்து மற்றதில் மாறி மாறி ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தாள். சீமாட்டியின் பெயர் புத்தகத்தில் நிற்கிறது. அந்தக் கடலை உயிரோடு வைத்திருந்த கையின் பெயரை நாங்கள் படித்த எதிலும் காணவில்லை. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது புதிய கதையாக இருக்கவில்லை.

முருகைக்கல் என்பது கல் போலத் தெரிந்தாலும் அது உயிர். குண்டூசித் தலை அளவில் இருந்து பல அளவுகளில் உள்ள சிறு பிராணிகள் கூட்டமாக இருந்து, கடல்நீரில் உள்ள கல்சியத்தை எடுத்துச் சுண்ணாம்பு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் மிக நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் உணவு செய்து கொடுக்கிறது. கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அந்தப் பாசி வெளியேறி, கல் வெளிறிப் போகிறது. சூடு தணியாவிட்டால் இறந்துவிடுகிறது. 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் இது பெருமளவில் நடந்தது. 2024 ஏப்ரலில் உலகம் முழுவதும் நான்காவது பெரிய வெளிறல் நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இதைவிட நேரடியான அழிவும் உண்டு. முன்பு கரையோரங்களில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். நாங்கள் வெற்றிலைக்குத் தடவியதிலும் சுவருக்கு அடித்ததிலும் கடல் இருந்திருக்கக்கூடும். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல்லை எடுப்பதையும் வைத்திருப்பதையும் சுடுவதையும் ஏற்றிச் செல்வதையும் தடை செய்தது. ஆகவே எங்கள் தொட்டிக்குக் கடலில் இருந்து ஒரு துண்டுக் கல்லும் எடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். கல்குடாவில் இருக்கும் என் கணவரின் தம்பியும் அதையே சொன்னார். “கல்லு செத்தா மீன் வராது மச்சாள். மீன் வராட்டி நாங்க எங்க போற?” என்றார்.

கல்லை நாங்களே செய்தோம். கோழித்தீனிக் கடையில் விற்கும் நொறுக்கிய சிப்பி ஓடு நான்கு பங்கு, சீமெந்து ஒரு பங்கு, அதோடு கல்லுப்பு. ஈர மணலில் குழி தோண்டி அதில் இந்தக் கலவையைக் கட்டி கட்டியாகப் போட்டுக் காயவிட்டோம். பின்னர் தண்ணீரில் போட்டதும் உப்புக் கரைந்து, கல்லில் பொந்துகள் விழுந்தன. அந்தப் பொந்துகள்தான் முக்கியம். நல்ல நுண்கிருமிகள் குடியேறுவது அங்கேதான். புதுச் சீமெந்தில் காரம் அதிகம். அதனால் பெப்ரவரி தொடங்கிப் பத்து வாரங்கள் வரை பீப்பாயில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினோம். காரத்தன்மை காட்டும் தாளில் 8க்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்த பிறகே கல் தொட்டிக்குப் போனது. கடலின் அளவும் அதுதான்.

தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 127 லீற்றர் பிடிக்கும். பாவித்த தொட்டியைத்தான் வாங்கினேன். தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் மூன்று ஆளின் பாரத்துக்கு வரும் என்பதால் பலகை மேசையில் வைக்காமல் புளொக் கல் அடுக்கி மட்டம் பார்த்து வைத்தோம்.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று பலர் கேட்டார்கள். ஆகாது. உப்பளத்தில் உப்பை விளைய விட்டு மிச்ச நீரை வடித்துவிடுகிறார்கள். மக்னீசியம் போன்றவை பெரும்பாலும் அந்த மிச்ச நீரோடு போய்விடும். கடலுக்கு அவை எல்லாம் வேண்டும். கொழும்பில் இதற்கென்று விற்கும் உப்புக் கலவை விலை கூடியது. ஆகவே 2024 ஏப்ரலில், வாடைக் காற்று ஓய்ந்து கடல் அமைதியான பிறகு, நான் மட்டும் கல்குடாவுக்குப் போனேன். ஆறும் வாய்க்காலும் கலக்காத இடமாகப் பார்த்து, மச்சான் தோணியில் சற்று வெளியே போய் ஆறு கேன்களில் தண்ணீர் எடுத்துத் தந்தார். “மலைக்கு ஏறி இந்தத் தண்ணி என்ன செய்யப்போகுது?” என்று சிரித்தார். லொறியில் செங்கலடி வழியாக அந்தப் பழைய வீதியால் கடல் மேலே ஏறியது. துணியில் வடித்து, மூடி, இருட்டில் மூன்று வாரம் வைத்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்றினோம்.

அதன் பிறகு வந்ததுதான் கஷ்டமான காலம். தண்ணீர் இருக்கிறது, கல் இருக்கிறது, மோட்டர் ஓடுகிறது, ஆனால் மீன் விடக்கூடாது. ஒரு சிறு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும். அழுகலில் இருந்து வரும் அமோனியா மீனுக்கு நஞ்சு. அதைத் தின்னும் நுண்கிருமி மெல்லப் பெருகி அதை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். அதைத் தின்னும் இன்னொரு வகை கிருமி பெருகி அதை நைத்திரேற்று ஆக்கும். இது அளவோடு இருந்தால் தீங்கு குறைவு. இதற்கு நான்கு முதல் ஆறு வாரம், சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். அவசரப்பட்டு மீனை விட்டால் செத்துப் போகும்.

முன்பள்ளிப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, “ஒன்னுமே இல்லையே டீச்சர்” என்று ஏமாந்து போனார்கள். மகள் இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனைக் குழாயில் மருந்து விட்டு நிறம் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். கடும் பச்சை, இளம் பச்சை, கடைசியில் மஞ்சள். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் நடக்காத தொட்டிக்குள் எவ்வளவு வேலை நடந்தது என்பது அந்தக் கொப்பியில்தான் தெரிந்தது. இடம்பெயர்ந்து வந்த பெண்ணிடம், “இன்னும் நீ தேறவில்லையா?” என்று கேட்பவர்களை எண்ணிக்கொண்டேன். எங்களுடைய வேலையும் பல வருடங்கள் வெளியே தெரியாமல் நடந்தது.

2024 ஜூலையில், தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்ட இரண்டு கோமாளி மீன்களைக் கொழும்பில் இருந்து வாங்கினோம். செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டி போட்ட மீன். கடலில் கடற்சாமந்தி எனப்படும் பிராணியின் கைகளுக்குள் ஒளிந்து வாழ்வது. இந்த மீனைப் பற்றிச் சகோதரிகள் கட்டாயம் அறிய வேண்டும். எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. குடும்பத்தின் தலைமை அதனிடம். அது இறந்துபோனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறித் தலைமையை ஏற்கிறது. இதை லயத்தில் சொன்னபோது பெண்கள் சிரித்த சிரிப்பு பீலி வரைக்கும் கேட்டது. “அப்ப அதுங்க வீட்டுலயும் பொம்பளதான் எல்லாத்தையும் பாக்கணுமா?” என்றார் ஒருவர்.

மலையில் கடலை வைத்திருப்பதில் வேறு சில கவனங்களும் உண்டு. இரவுக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும். நாங்கள் 26 பாகையில் வைக்கிறோம். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்ததை நிரப்ப நன்னீர்தான் ஊற்ற வேண்டும். தேயிலைக்குப் போடும் உரம் ஓடைநீரில் கலந்து பாசியை வளர்க்கும் என்பதால் மழைநீர் பிடிக்கிறோம். தகரக் கூரை நீர் ஆகாது. நாகமும் செம்பும் நத்தை, இறால், முருகை போன்றவற்றுக்கு நஞ்சு. சுத்தமான பொலித்தீனை முற்றத்தில் கட்டி, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்று அமைச்சர் சொன்னார் என்ற செய்தியைப் பின்னர் கேட்டோம். எங்கள் தொட்டியில் மோட்டர் நின்றது. நீர் அசையாவிட்டால் அதில் உள்ள பிராணவாயு குறைந்துகொண்டே போகும். ஒரு மணி நேரம் பார்த்தோம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மகள் எழுந்து ஒரு ஜக்கை எடுத்தாள். தொட்டியில் இருந்து அள்ளி, ஒரு முழ உயரத்தில் இருந்து மெல்ல ஊற்றினாள். அள்ளினாள், ஊற்றினாள். இலண்டன் வீட்டின் பெயர் தெரியாத அந்தப் பணிப்பெண் செய்த வேலைதான். கை ஓய்ந்ததும் நான் வாங்கினேன். மாலையாகிக் குளிர் இறங்க, சுடுநீர் நிரப்பிய போத்தல்களை மூடித் தொட்டியில் மிதக்கவிட்டோம்.

நான்கு மணி அளவில், பீலி வரிசையைப் பற்றிக் கேட்ட அதே தங்கச்சி வாசலில் நின்று பார்த்தார். “குடுங்க அக்கா, கூடை தூக்குற கைதானே” என்று ஜக்கை வாங்கினார். அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர். கரண்ட் வரும்வரை ஐந்து பெண்கள் முறை வைத்து ஊற்றினோம். ஊற்றிக்கொண்டே ஒருவர் தன் அண்ணன் வவுனியாவில் காணாமற்போன கதையைச் சொன்னார். பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. மீன்கள் இரண்டும் பிழைத்தன.

அந்த ஏப்ரலில் மறுபடியும் கடல்நீர் எடுக்கக் கல்குடாவுக்குப் போக வேண்டியிருந்தது. நான் அழைக்கவில்லை. மகளே பையில் துணி வைத்துக்கொண்டு வந்தாள். கரைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றாள். தந்தையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிறகு முழங்கால் அளவுக்கு இறங்கி, கொண்டுவந்த உப்புமானியில் நீரை அள்ளிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“1.025. நம்ம தொட்டியும் இதுவும் ஒன்னுதாம்மா” என்றாள்.

எங்களுக்குப் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினேழு வருடம் முகம் திருப்பியிருந்த ஒன்றை அவள் கையில் எடுத்து அளந்து பார்த்தாள். அளக்கத் தெரிந்த பொருளின் முன்னால் நிற்கவும் ஒரு துணிவு வருகிறது. அந்த வாரம் முன்பள்ளியில் அந்தச் சிறுவனுக்குப் பதில் சொன்னாளாம். ஆற்றைவிடப் பெரியது, உப்புக் கரிக்கும், நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும் என்று.

இதைப் படித்துவிட்டு யாராவது ஆசைப்பட்டால் சில வார்த்தைகள். முதலில் ஒரு வருடமாவது நன்னீர் மீன் வளர்த்துப் பழகுங்கள். அது வருமானமும் தரும். உங்கள் மாவட்டத்தில் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர் இருந்தால் அவரிடம் பயிற்சி பற்றிக் கேளுங்கள். உப்புநீருக்குப் போவதானால் மிகச் சிறிய தொட்டி வேண்டாம். சிறு தொட்டியில் சூடும் உப்பும் சட்டென்று மாறிவிடும். கடலில் பிடித்த மீனைவிட வளர்ப்பில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். முருகைக்கல்லை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் தயாராகும்வரை பொறுத்திருங்கள்.

கடந்த வருட நடுப்பகுதியில் எங்கள் சீமெந்துக் கல் ஒன்றில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஒரு சிறு பொட்டுத் தெரிந்தது. சுரண்டிப் பார்த்தால் வரவில்லை. மகள் படித்துப் பார்த்துச் சொன்னாள், அது சுண்ணாம்பு படியவைக்கும் ஒரு வகைப் பாசியாம். உடைந்த முருகைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாக்குவதே கடலில் அதன் வேலையாம். நாங்கள் அதை வாங்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. கேன் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் வந்திருக்க வேண்டும். இப்போது அது ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குப் பரவியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி மகள் அதை அளந்து கொப்பியில் எழுதுகிறாள்.